கைகளின் பசியைக் கண்டவர்

ஜொகூர் பாருவிலோ குளுவாங்கிலோ மூவாரிலோ கடைவீதியில் நடந்து சென்றால், ஏதாவது ஒரு பாலர் பள்ளியின் பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்ற சொல்லைக் காணலாம். அது ஒரு கற்பித்தல் முறையின் பெயர் என்பதைப் பலர் அறிவர். ஓர் அம்மையாரின் குடும்பப் பெயர் என்பதைச் சிலரே அறிவர். அந்த முறை, கட்டணம் செலுத்திப் படிக்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகளுக்காக உருவானதன்று என்பதை அறிந்தவர் இன்னும் குறைவு. படிப்பே வராது என்று ஒதுக்கிப் பூட்டி வைக்கப்பட்ட குழந்தைகளிடமிருந்துதான் அது பிறந்தது.

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதை அந்நாட்டுச் சமுதாயம் விரும்பாத காலம் அது. ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர்களோடு ஒன்றாக நின்று உடற்கூறு பயில அவருக்கு அனுமதி இல்லை. எல்லாரும் வீடு திரும்பிய பிறகு, மாலை வேளையில் பிணவறையில் தனியாக நின்று அவர் அறுவைப் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது. அவர் பின்வாங்கவில்லை. 1896ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றபின் மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றியபோது, ரோமிலிருந்த மனநோய் விடுதிகளுக்கு அவர் அடிக்கடி செல்ல நேர்ந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவர்களும் அங்கே பெரியவர்களான நோயாளிகளோடு அடைக்கப்பட்டிருந்தனர். ஓர் அறையில் அத்தகைய குழந்தைகள் கூட்டமாக இருந்தனர். அந்த அறையில் விளையாட்டுப் பொருள் இல்லை. கையில் எடுத்துத் தொட்டுப் பார்க்க ஒரு துரும்பும் இல்லை. உணவு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பாய்ந்து பொறுக்குவதாகப் பணிப்பெண் அருவருப்போடு குறைபட்டுக்கொண்டாள். பெருந்தீனிக் குணம் என்பது அவள் எண்ணம். மாண்டிசோரிக்கோ வேறொன்று தோன்றியது. அவர்கள் துணுக்குகளை விரல்களால் உருட்டிப் பார்த்தார்கள். அவர்களுடைய வயிறு பசிக்கவில்லை, கைகள் பசித்தன.

இந்தக் குழந்தைகளுக்குத் தேவை மருந்தைவிடக் கல்வியே என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1898ஆம் ஆண்டு தூரின் நகரில் கூடிய கல்வியாளர் மாநாட்டில் அதை வெளிப்படையாக எடுத்துரைத்தார். மருத்துவர் ஒருவர் தம் துறையின் எல்லையைத் தாமே சுட்டிக்காட்டியது அவையோருக்கு வியப்பளித்தது. அதன்பின் ஊர் ஊராகச் சென்று இக்குழந்தைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று பேசினார். 1900ஆம் ஆண்டு ரோமில் அதற்கென ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அதன் பொறுப்பாளர்களில் அவரும் ஒருவர். நம் ஜொகூர் பாருவில் பார்வையற்ற பிள்ளைகளுக்காக இளவரசி எலிசபெத் பள்ளி தோன்றியது இதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின்னர்தான்.

அப்பள்ளியில் மாண்டிசோரி காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை தாமே கற்பித்தார். பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகேன் ஆகியோர் இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பித்த வழிகள் அவருக்கு முன்மாதிரியாக அமைந்தன. பின்னாளில் அவ்விருவரின் நூல்களையும் தொடக்கம் முதல் இறுதி வரை இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தம் கையாலேயே எழுதினார். எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் நின்று நிதானித்துச் சிந்திக்கலாம் என்பதே காரணம்.

அங்கே நடந்த ஒரு சிறு நிகழ்வு அவருடைய முறை முழுவதையும் விளக்கப் போதுமானது. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தையல் வரவேயில்லை. கையில் வலிமை இருந்தது. ஆனால், ஊசியை மேலும் கீழும் மாற்றி மாற்றிச் செலுத்தத் தெரியவில்லை. மாண்டிசோரி அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அதே பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தவும் இல்லை. தையலை நிறுத்திவிட்டுக் காகிதப் பட்டைகளைப் பாய்போல் பின்னும் வேலையைக் கொடுத்தார். பட்டை மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை. அதில் அவள் தேர்ச்சி பெற்றபின் ஊசியைக் கொடுத்தபோது தையல் தானாகவே வந்தது. சிறுமியால் முடியாதது ஒன்றுமில்லை. ஆசிரியர்தான் ஒரு படியைத் தவறவிட்டிருந்தார்.

எழுத்துகளையும் இவ்வாறே கற்பித்தார். மரத்தில் செதுக்கிய எழுத்துகளை விரலால் தடவச் செய்தார். விசயதசமி நாளில் அரிசித் தட்டில் நம் விரலைப் பிடித்து அகரம் எழுத வைத்தார்களே, அதை நினைத்துக்கொண்டால் இம்முறை நமக்கு எளிதில் விளங்கும். கண் அறிவதற்கு முன்பே கை எழுத்தை அறிந்துவிடுகிறது.

பிறகுதான் ரோம் நகரமே பேசிய செய்தி நடந்தது. விடுதியிலிருந்து வந்த அம்மாணவர்களில் சிலரை, பொதுப்பள்ளி மாணவர்கள் எழுதும் தேர்வுக்கே அவர் அனுப்பினார். அவர்கள் தேர்ச்சி பெற்றனர். ஊரார் அதை அற்புதம் என்று பாராட்டினர். மாண்டிசோரிக்கு மட்டும் அந்தப் பாராட்டில் மனம் நிறையவில்லை. பூட்டிய அறையிலிருந்து வந்த பிள்ளைகள், பொதுப்பள்ளியில் படிக்கும் நலமான பிள்ளைகளை எட்டிப் பிடிக்க முடிகிறதென்றால், அந்நலமான பிள்ளைகளைப் பள்ளிகள் எவ்வளவு தாழ்வான நிலையில் வைத்திருக்கின்றன என்று அவர் கவலைப்பட்டார். அசையாத நீள்பலகைகளில் மணிக்கணக்காக அமர்ந்து, ஆசிரியர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதே அக்காலப் படிப்பு. சிறப்புத் தேவையுடைய குழந்தைக்குப் பயன்பட்ட வழி எல்லாக் குழந்தைகளுக்கும் பயன்படும் என்று அவர் உறுதியாக நம்பினார். 1901ஆம் ஆண்டு அப்பள்ளியிலிருந்து விலகி, மீண்டும் பல்கலைக்கழகத்தில் மாணவியானார்.

நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் வந்தது. ரோமின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று இருந்தது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறு பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களைப் பாழாக்கினர். செலவுக்கு அஞ்சிய கட்டட நிறுவனம், அவர்களைக் கவனித்துக்கொள்ள மாண்டிசோரியை அழைத்தது. நிறுவனத்தின் கவலை சுவரைப் பற்றியது; அதனால் கிடைத்ததோ உலகப் புகழ் பெற்ற பள்ளி. ஏறத்தாழ ஐம்பது குழந்தைகளுடன் அந்தக் குழந்தைகள் இல்லம் தொடங்கியது.

ஒரு டிசம்பர் நாளில், வெயில் இதமாக இருந்ததால் குழந்தைகளோடு மொட்டை மாடிக்குச் சென்றார் மாண்டிசோரி. ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, அருகிலிருந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் தரையில் வரைந்தான். அவர் பாராட்டினார். சிறுவன் சிரித்தான், ஒரு நொடி தயங்கினான், பிறகு தனக்கு எழுத வருகிறது என்று கூவிக்கொண்டே மண்டியிட்டுக் கை என்ற சொல்லைத் தரையில் எழுதினான். தொடர்ந்து புகைபோக்கி, கூரை என்றும் எழுதினான். அதுவரை அவனை யாரும் ஒரு சொல்கூட எழுதச் சொன்னதில்லை. விரல்கள் பல மாதங்களாகத் தடவிய எழுத்துகள் அன்று தாமாக வெளிவந்தன.

இச்செய்தி கடல் கடந்து பரவியது. பல நாடுகளில் அவர் பெயரால் பள்ளிகள் தோன்றின. ஆயினும், அவற்றுள் பல வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கே எட்டின. 1931ஆம் ஆண்டு இலண்டனில் அவருடைய பயிற்சிக் கூடத்திற்கு வந்த காந்தியடிகள், பரம ஏழைகளின் குழந்தைகளுக்கும் இக்கல்வி கிடைக்க வேண்டும் என்ற தம் விருப்பத்தை அங்கேயே தெரிவித்தார். சான் லொரென்சோவில் தொடங்கியவருக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இத்தாலியில் முசோலினியின் ஆட்சியோடு முரண்பட்டதால் 1934ஆம் ஆண்டு அவருடைய பள்ளிகள் அங்கே மூடப்பட்டன. அவர் தாய்நாட்டை விட்டு வெளியேறினார்.

1939ஆம் ஆண்டு இறுதியில், தம் 69ஆம் வயதில், மகன் மரியோவுடன் அவர் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் பிரம்மஞான சபையின் வளாகத்தில் ஓலைக் கொட்டகைகளின்கீழ் ஏறத்தாழ முந்நூறு ஆசிரியர்கள் அவரிடம் பயின்றனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார். சில மாதங்களுக்கென வந்த பயணம் அது. 1940ஆம் ஆண்டு சூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷார் மரியோவைக் காவலில் வைத்தனர்; மாண்டிசோரி அடையாற்று வளாகத்தை விட்டு வெளியே செல்லக்கூடாது என்றனர். அவருடைய எழுபதாம் பிறந்தநாளன்று, பரிசாக மகனை விடுவிப்பதாக வைசிராயிடமிருந்து தந்தி வந்தது.

போர் முடியும்வரை அவர்கள் ஐரோப்பாவுக்குத் திரும்ப இயலவில்லை. கொடைக்கானல் மலையில் தங்கியிருந்த ஆண்டுகளில், பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் பயிலும் சிறு பள்ளி ஒன்றை நடத்தினார். 1944ஆம் ஆண்டு இலங்கையிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1946ஆம் ஆண்டு ஐரோப்பா திரும்பியபோது அவருக்கு வயது எழுபத்தைந்து.

1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில் அவர் காலமானார். அந்நாட்களில்கூட, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்க ஆப்பிரிக்காவுக்குப் புறப்படுவது பற்றித்தான் மரியோவிடம் பேசிக்கொண்டிருந்தார்.