பல் காரையும் இதயமும்: இமாம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்) காட்டிய வழி

அறுவை மருத்துவத்தின் தந்தை என்று மேற்குலகமே போற்றும் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்) அவர்கள், 936 வாக்கில் ஸ்பெயினின் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்தார்கள். அன்ஸாரிகளின் வழிவந்தவர்கள். அவர்களின் சொந்த வாழ்க்கை பற்றி வரலாற்று நூல்களில் கிடைப்பது மிகக் குறைவு. 30 பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' என்ற மருத்துவ நூல்தான் அவர்களை நமக்கு அறிமுகப்படுத்துகிறது. அதன் கடைசிப் பாகம் அறுவை சிகிச்சை பற்றியது. சுமார் 200 கருவிகளைப் படம் வரைந்து விளக்கியிருக்கிறார்கள்.

அதில் பல் காரைக்கென்றே ஒரு பகுதி உண்டு. பல்லிலும் ஈறுகளின் இடுக்கிலும் படியும் காரை கறுத்தும் மஞ்சளித்தும் பச்சை பூத்தும் போகும், அது ஈறையே கெடுத்துவிடும் என்று எச்சரிக்கிறார்கள். நோயாளியின் தலையை மடியில் சாய்த்து, காரை முழுவதும் நீங்கும்வரை சுரண்ட வேண்டும். ஒரே நாளில் முடியாவிட்டால் அடுத்தடுத்த நாள்களிலும் தொடர வேண்டும். உள்பக்கத்துக்கு ஒரு சுரண்டி, வெளிப்பக்கத்துக்கு வேறொன்று, பல்லிடுக்குக்கு மற்றொன்று. ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் கட்டும் முறையையும் சொல்லித் தருகிறார்கள்.

இன்றைய மருத்துவம் இந்த ஈறு நோயை இதயத்தோடு சேர்த்துப் பார்க்கிறது. புண்ணான ஈறு வழியாகக் கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற ஈறுக் கிருமியின் தடயம், ரத்தக் குழாய்களை அடைக்கும் கொழுப்புப் படிவிலேயே கண்டெடுக்கப்பட்டுள்ளது. ஆனால் ஈறு நோய்தான் அடைப்பை உண்டாக்குகிறது என்று நிரூபணமாகவில்லை. தொடர்பு இருப்பது உண்மை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் அறிவித்தது. புகைப்பழக்கமும் சர்க்கரை நோயும் இரண்டுக்குமே பொதுவான காரணங்கள். இதையெல்லாம் இமாமவர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று மேடையில் முழங்குவது முறையல்ல. அவர்கள் சொன்னது ஈறைப் பற்றி மட்டுமே.

சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்ற பயம் நம் வீட்டுப் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. பல்லை ஆட்டுவது காரைதான். மிஸ்வாக் செய்கிறோமே, போதாதா என்பார்கள். நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்திய அந்த சுன்னத் காரை படியாமல் காக்கும். இறுகிவிட்ட காரையை எடுக்க மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஈறில் ரத்தம் கசிந்தால், அதிலும் சர்க்கரை உள்ளவர்கள், தள்ளிப்போடக் கூடாது.

உள்நாட்டுப் போரில் மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்ட சில ஆண்டுகளில், 1013 வாக்கில் இமாமவர்கள் மறைந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் தொலைதோவில் ஜெரார்டு என்பவர் அந்த அறுவை சிகிச்சைப் பாகத்தை லத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதைத்தான் படித்தார்கள்.