நீதியரசர் தர்குட் மார்ஷல்
இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

இயற்பியல் படிக்கும் மாணவனுக்கு அமெரிக்க நீதிபதி ஒருவரின் வரலாறு எதற்கு என்று ஆசிரியப் பெருமக்களில் சிலர் நினைக்கக்கூடும். காரணம் எளியது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முதலாண்டுச் சேர்க்கையின்போது என் தாயாரின் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. அதே ஆண்டில் ஒரு நாள், நம் கல்லூரி நூலகத்தில் அமெரிக்க வரலாறு பற்றிய நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1930ஆம் ஆண்டில், தன் மகன் சட்டக் கல்லூரியில் சேரத் திருமண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் அடகு வைத்த தாயொருத்தியைப் பற்றி அதில் படித்தேன். அந்த மகனே பிற்காலத்தில் அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பின நீதிபதி. அன்றிலிருந்து அவரை விடாமல் தேடிப் படித்துவருகிறேன்.

தர்குட் மார்ஷல் 1908 ஜூலை 2ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் நகரில் பிறந்தார். அடிமைகளாய் வாழ்ந்தவர்களின் வழிவந்த குடும்பம். தந்தை வில்லியம் ரயிலின் உணவுப் பெட்டியில் பரிமாறும் வேலை பார்த்தார். பின்னர் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகக்கூடிய மன்றமொன்றில் பணியாளர் தலைவரானார். தாய் நார்மா பள்ளி ஆசிரியை. பிள்ளைக்கு வைத்த பெயர் தரோகுட். எழுதுவதற்கு நீளமாய் இருக்கிறதென்று சிறுவயதிலேயே அவர் அதைச் சுருக்கிக்கொண்டார். தந்தைக்கு நீதிமன்றத்தில் அமர்ந்து வழக்குகளைக் கேட்பது பொழுதுபோக்கு. பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வார். இரவு உணவு மேசையில் அவர்கள் எதைச் சொன்னாலும் அதற்கு ஆதாரம் கேட்டு மடக்குவார். பள்ளியில் சிறுவன் தர்குட் படுசுட்டி. குறும்பு செய்தால் அரசியலமைப்புச் சட்டத்தைப் படித்து வரவேண்டும் என்பது தண்டனை. பள்ளியை விட்டு வருவதற்குள் அச்சட்டம் முழுவதும் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டதாம்! இப்படியொரு தண்டனை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

பென்சில்வேனியாவிலிருந்த லிங்கன் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு. அங்கே மாணவர் அனைவரும் கறுப்பர். பேராசிரியர் அனைவரும் வெள்ளையர். கறுப்பினப் பேராசிரியர்களையும் சேர்க்கலாமா என்று மாணவரிடையே வாக்கெடுப்பு நடந்தபோது, வேண்டாம் என்று வாக்களித்தவர்களில் மார்ஷலும் ஒருவர். பிற்காலப் புகழைப் பாடுவோர் இதை விட்டுவிடுவதுண்டு. மறைப்பது சரியன்று என்பது என் எண்ணம். சீட்டாட்டமும் வேடிக்கையுமாய்த் திரிந்த இளைஞர் அவர். உடன் பயின்ற கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் போன்றோர் வாதாடியதன் பிறகே மனம் மாறினார். நாம் மாணவப் பருவத்தில் கொண்ட கருத்தெல்லாம் கல்லில் எழுதியது அல்லவே!

சட்டம் படிக்க ஆசை. வீட்டுக்கு அருகிலேயே மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி இருந்தது. ஆனால் கறுப்பருக்கு அங்கே இடமில்லை. ஆகவே வாஷிங்டனில் இருந்த ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தாயின் மோதிரங்கள் போனது இதற்காகத்தான். தங்கிப் படிக்க வசதியின்றி நாள்தோறும் பால்டிமோரிலிருந்து ரயிலில் போய்வந்தார். விளையாட்டுப் பிள்ளை இங்கேதான் ஆளே மாறினார். மாற்றியவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்னும் பேராசிரியர். சட்டத்தைச் சமுதாயத்தைச் செப்பனிடும் கருவியாகக் கொள்ளாத வழக்கறிஞரால் பயனில்லை என்று அவர் மாணவருக்குப் போதித்தார். 1933இல் மார்ஷல் வகுப்பில் முதல்வராய்த் தேறினார்.

இங்கே சட்டத்தைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் வந்த பதினான்காம் திருத்தம், சட்டத்தின் சமமான பாதுகாப்பு எவருக்கும் மறுக்கப்படலாகாது என்றது. ஆனால் 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் உச்சநீதிமன்றம், இரு இனத்தாரையும் பிரித்து வைக்கலாம், வசதிகள் சமமாயிருந்தால் போதும் என்று தீர்ப்பளித்தது. பிரித்து வைத்தது நடந்தது. சமமாய் வைத்தது நடக்கவில்லை. பள்ளி, ரயில், உணவகம், தண்ணீர்க் குழாய் என எல்லாவற்றிலும் இரண்டு. இதைத்தான் உடைக்கவேண்டியிருந்தது.

முதல் அடி எங்கே விழுந்தது தெரியுமா? தம்மை உள்ளே விடாத அதே மேரிலாந்து சட்டக் கல்லூரியின் கதவில்! டொனால்ட் முர்ரே என்ற பட்டதாரிக்கு இடம் மறுக்கப்பட்டபோது, மார்ஷல் தம் ஆசிரியர் ஹூஸ்டனுடன் சேர்ந்து வழக்காடினார். கறுப்பருக்கென்று மாநிலத்தில் தனிச் சட்டக் கல்லூரியே இல்லாதபோது சமம் என்பது எங்கே என்று கேட்டனர். 1936 ஜனவரியில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் முர்ரேயைச் சேர்க்கவேண்டும் என்பதை உறுதி செய்தது.

அதே ஆண்டு கறுப்பர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தில் வழக்கறிஞராய்ச் சேர்ந்தார். ஈராண்டில் அதன் தலைமை வழக்கறிஞரானார். 1940இல், நாட்கணக்கில் தூங்கவிடாமல் விசாரித்துப் பெற்ற வாக்குமூலம் செல்லாது என்று சேம்பர்ஸ் வழக்கில் வென்றார். 1944இல் கட்சியின் முதனிலைத் தேர்தலில் கறுப்பரை விலக்கிவைத்த டெக்சாஸ் ஏற்பாடு வீழ்ந்தது. 1948இல், கறுப்பருக்கு வீடு விற்கமாட்டோம் என்ற பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்று முடிவாயிற்று.

இவையெல்லாம் குளிர்சாதன அறையில் அமர்ந்து பெற்ற வெற்றிகள் அல்ல. 1946 நவம்பரில் டென்னசி மாநிலத்துக் கொலம்பியா என்ற ஊரில் வழக்கை முடித்துவிட்டுத் தோழர்களுடன் காரில் திரும்பும்போது போலீசார் மறித்தனர். குடித்துவிட்டு ஓட்டியதாய்ப் பொய்க் குற்றம் சாட்டி மார்ஷலை மட்டும் தங்கள் வண்டியில் ஏற்றி, ஆற்றங்கரைக்குப் போகும் ஒதுக்குப்புறச் சாலையில் திருப்பினர். அந்நாளில் கறுப்பர்கள் மரத்தில் தூக்கிலிடப்படுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். தோழர்கள் அஞ்சாமல் பின்தொடர்ந்தனர்; சாட்சிகள் இருப்பதைக் கண்டதும் வண்டி ஊருக்கே திரும்பியது. அங்கிருந்த நீதிபதி அவர் வாயை முகர்ந்து பார்த்து, மது வாடையே இல்லை என்று விடுவித்தார். இத்தனைக்கும் பிறகு அவர் தெற்கு மாநிலங்களுக்குப் போவதை நிறுத்தவில்லை.

1950இல் இரண்டு வழக்குகள் ஒரே நாளில் வென்றன. தபால்காரராய் வேலை பார்த்த ஹீமன் ஸ்வெட் என்பவர் டெக்சாஸ் சட்டக் கல்லூரியில் இடம் கேட்டார். அவரைத் தவிர்ப்பதற்காகவே நிலவறையில் சில அறைகளை எடுத்துத் தனிக் கல்லூரி என்று பெயர் சூட்டியது மாநிலம். ஓக்லஹோமாவில் மெக்லாரின் என்னும் முதிய ஆசிரியர் மேற்படிப்புக்குச் சேர்ந்தபோது, வகுப்பை ஒட்டிய பக்கத்து அறையில் தனியே அமர்த்தப்பட்டார். நூலகத்தில் தனி மேசை, உணவு விடுதியில் தனி நேரம். சக மாணவருடன் பேசி விவாதிக்க முடியாத கல்வி சமமான கல்வி ஆகாது என்றது உச்சநீதிமன்றம். கட்டடத்தை மட்டும் அளந்தால் போதாது என்ற கருத்து இங்கேதான் வேர்பிடித்தது.

அடுத்தது எல்லாவற்றிலும் பெரியது. ஆனால் அது தொடங்கியது ஒரு பேருந்திலிருந்து. தென் கரோலினாவின் கிளாரண்டன் வட்டாரத்தில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பள்ளிப் பேருந்துகள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. மைல் கணக்கில் நடந்தனர். 1947இல் பெற்றோர் ஒரு பேருந்து கேட்டனர், கிடைக்கவில்லை. ஒரு வெள்ளைக் குழந்தையின் கல்விக்கு ஆண்டுக்கு 179 டாலர் செலவிட்ட அவ்வட்டாரம், கறுப்பினக் குழந்தைக்குச் செலவிட்டது 43 டாலர். மார்ஷலின் தூண்டுதலில் வழக்கு விரிந்தது. இனிச் சம வசதி வேண்டாம். பிரித்து வைப்பதே தவறு என்று கேட்போம் என்றார். வழக்கில் முதல் பெயராய் நின்ற ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் நிலைய வேலையை இழந்தார். அவர் மனைவியும் வேலையை இழந்தார். பெரிய வழக்கறிஞர்களின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. வயிற்றில் ஈரத்துணி கட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள் இவர்கள்தாம்.

இதுவும் கன்சாஸ், வர்ஜீனியா, டெலாவேர், தலைநகர் வாஷிங்டன் ஆகியவற்றிலிருந்து வந்த வழக்குகளும் சேர்ந்ததே பிரவுன் வழக்கு. உளவியலறிஞர் கென்னத் கிளார்க் கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் காட்டி, எது நல்லது என்று கேட்டார். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே காட்டின. பிரித்து வைப்பது பிஞ்சு மனத்தில் என்ன எழுதிவிடுகிறது என்பதற்கு இதையே மார்ஷல் சான்றாக்கினார். எதிர்த்தரப்பில் நின்றவர் ஜான் டேவிஸ். 1924இல் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டவர். மாணவராயிருந்தபோது மார்ஷல் உச்சநீதிமன்றத்துக்குப் போய் அவருடைய வாதத்தைக் கேட்டு வியந்ததுண்டு! 1952இலும் 1953இலும் இரு முறை வாதம் நடந்தது. 1954 மே 17ஆம் நாள் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் தீர்ப்பைப் படித்தார். ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாய், பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியலமைப்புக்கு மாறானது என்றனர்.

வெற்றிக்குப் பின் கசப்பும் வந்தது. எப்போது நிறைவேற்றவேண்டும் என்பதற்கு 1955இல் நீதிமன்றம் நாள் குறிக்கவில்லை; இயன்ற விரைவில் என்ற பொருளில் விட்டுவிட்டது. மாநிலங்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆண்டுகளை ஓட்டின. அதே ஆண்டு பிப்ரவரியில் மார்ஷலின் மனைவி விவியன் புற்றுநோயால் இறந்தார். ஆண்டு முடிவில் பிலிப்பைன்ஸ் வழிவந்த செசிலியா சுயாட்டை மணந்தார். இரு ஆண் மக்கள் பிறந்தனர்.

உச்சநீதிமன்றத்தில் அவர் வாதாடியவை 32 வழக்குகள், வென்றவை 29. 1960இல் லண்டனில் கென்யாவின் அரசியலமைப்பு பற்றிய மாநாட்டுக்குப் போய், அடிப்படை உரிமைப் பகுதியை வரைந்து தந்தார். ஆட்சி கறுப்பர் கைக்கு வரும்போது அங்கிருந்த சிறுபான்மையினரான வெள்ளையரும் ஆசியரும் உரிமை இழக்கக்கூடாது என்பதில் அவர் கவனமாயிருந்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

1961இல் கென்னடி அவரை மேல்முறையீட்டு நீதிபதியாக்கினார். 1965இல் ஜான்சன் அரசின் தலைமை வழக்கறிஞராக்கினார். 1967இல் உச்சநீதிமன்றத்துக்கு நியமித்தார். செனட் சபை விசாரணையில் தென் கரோலினாவின் தர்மண்ட், பழைய வரலாற்றின் மூலைமுடுக்குகளை எல்லாம் கேள்வியாக்கி வதைத்தார். ஆகஸ்ட் 30ஆம் நாள் 69க்கு 11 என்ற வாக்கில் நியமனம் உறுதியாயிற்று.

நீதிபதியாய் அவர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்புகளில், 1972இல் வந்த மோஸ்லி வழக்கு சட்ட மாணவர் இன்றும் படிப்பது. பேச்சின் பொருளைப் பார்த்து ஒரு போராட்டத்தை அனுமதித்து மற்றொன்றைத் தடுக்க அரசுக்கு உரிமையில்லை என்றார். ஆனால் நீதிமன்றத்தின் போக்கு மாறமாற, மறுப்புத் தீர்ப்பே அவருடைய கருவியாயிற்று. மரண தண்டனை அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்பதில் நீதிபதி பிரென்னனுடன் கடைசிவரை நின்றார். தூக்குக் கயிற்றின் நிழலில் நின்ற கட்சிக்காரருக்காக வாதாடிய அனுபவம் அவருக்கு இருந்தது.

1973இல் இரண்டு வழக்குகள். நொடித்துப்போனவர் என்று மனுக் கொடுக்க 50 டாலர் கட்டணம். கட்ட வழியில்லை என்றார் ஓர் ஏழை. வாரந்தோறும் தவணையில் கட்டினால் ஒரு சினிமாச் செலவுகூட ஆகாதே என்றது பெரும்பான்மை. ஏழைகள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அறியாமல் சட்டம் சொல்லக்கூடாது, அவர்களில் பலர் சினிமாவுக்கே போனதில்லை என்று மார்ஷல் மறுத்து எழுதினார். மற்றது டெக்சாஸ் பள்ளிகளின் வழக்கு. சொத்து வரியை நம்பிப் பள்ளி நடந்ததால், ஏழைகள் வாழும் வட்டாரத்தில் ஒரு பிள்ளைக்கு 356 டாலரும் பணக்கார வட்டாரத்தில் 594 டாலரும் செலவாயின. இதில் தவறில்லை என்றனர் ஐவர், நால்வர் மறுத்தனர். பிரவுன் தீர்ப்பு திறந்த கதவைப் பணம் மூடிவிடுகிறது என்பதே அவர் நீண்ட மறுப்பின் சாரம்.

1988இல் மறுபடியும் ஒரு பேருந்து வந்தது. வடக்கு டகோட்டாவில் ஓர் ஏழைக் குடும்பத்துச் சிறுமி. பள்ளி 16 மைல் தொலைவில். பள்ளிப் பேருந்துக்கு ஆண்டுக்கு 97 டாலர் கட்டணம் வாங்குவது செல்லும் என்று ஐவர் கூறினர். எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த மார்ஷல் மறுத்தார். கல்விக்குப் போகும் வழியில் ஏழைக்கு மட்டும் தடை வைப்பது சமமான பாதுகாப்பு ஆகுமா என்பது அவர் கேள்வி. இலவசப் பஸ் பாஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலை நேர நகரப் பேருந்தில் தொங்கியபடி வரும் நான், இவ்வழக்கைப் படித்த நாளில் நெடுநேரம் வேறெதுவும் படிக்கவில்லை.

1991இல் உடல்நலம் குன்றி ஓய்வுபெற்றார். 1993 ஜனவரி 24ஆம் நாள் தம் 84ஆம் வயதில் காலமானார். உச்சநீதிமன்றக் கட்டடத்தின் பெரிய மண்டபத்தில் வைக்கப்பட்ட அவர் உடலுக்குக் குளிரில் வரிசையில் நின்று ஆயிரக்கணக்கானோர் அஞ்சலி செலுத்தினர். பால்டிமோர் விமான நிலையம் 2005 முதல் அவர் பெயரைத் தாங்குகிறது. மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் நூலகத்துக்கு 1980இலேயே அவர் பெயரைச் சூட்டினார்கள். அந்த விழாவுக்கு மார்ஷல் போகவில்லை.