தோழி வாங்கித் தந்த பானம்

திருவொற்றியூரில் வாழும் என் பெரியம்மா, காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றுக் குடும்பத்தைக் கரையேற்றியவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் குக்கர் வெடித்து அவருடைய வலக்கை வெந்துபோனது. அது உறவினர் ஒருவர் பரிசாகக் கொடுத்த குக்கர். ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வர வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். தயாரித்த நிறுவனத்துக்கு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் இல்லை. குக்கரைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு, புண் ஆறியதும் பெரியம்மா மீண்டும் கூடையைத் தூக்கினார்.

காசு கொடுத்து வாங்காதவருக்கு நியாயம் கேட்கும் உரிமை உண்டா? இக்கேள்வி எழும்போதெல்லாம் மே டொனாகு என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணியை நினைத்துக்கொள்கிறேன். சட்டம் பயிலும் மாணவர் எவரும் அவர் பெயரைக் கடக்காமல் தேர்வெழுத முடியாது. அவர் வாழ்க்கையை அறிந்தவர்களோ வெகு சிலர்.

1898-இல் கிளாஸ்கோ அருகே ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர் மே. பதினேழு வயதில் மணம். பிறந்த நான்கு குழந்தைகளில் பிழைத்தது ஒன்றே. கணவரைப் பிரிந்து, கடைச் சிப்பந்தியாக உழைத்துப் பிழைத்தார்.

1928 ஆகஸ்ட் 26 அன்று பெய்ஸ்லி நகரில் ஒரு சிற்றுண்டிக் கடையில் தோழி அவருக்கு ஐஸ்கிரீமும் இஞ்சி பானமும் வாங்கித் தந்தார். உள்ளிருப்பது தெரியாத கருநிறப் புட்டி. பாதி அருந்தியபின் எஞ்சியதை ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று விழுந்தது என்பது மேயின் புகார். வயிற்று நோயால் அவர் மருத்துவமனை செல்ல நேர்ந்தது.

அன்றைய சட்டத்தில் அவருக்கு வழியில்லை. பணம் கொடுத்தவர் தோழி. ஆகவே ஒப்பந்தம் அவருக்கும் கடைக்கும் இடையிலானது. மூடி முத்திரையிட்ட புட்டிக்குள் இருந்ததற்குக் கடைக்காரரைக் குறை கூறவும் முடியாது. புட்டியில் எலி கிடந்ததாகத் தொடுத்த வழக்குகளில் தோற்றிருந்த வழக்கறிஞர் வால்டர் லீச்மன், அத்தோல்விக்கு மூன்றே வாரங்களில், பானம் தயாரித்த டேவிட் ஸ்டீவன்சன் மீது மேயின் சார்பில் வழக்குத் தொடுத்தார். கேட்ட இழப்பீடு 500 பவுண்டு.

எடின்பரோவில் முதலில் வெற்றி, மேல்முறையீட்டில் தோல்வி. லண்டன் பிரபுக்கள் சபைக்குச் செல்ல, தன்னிடம் ஐந்து பவுண்டு மதிப்புள்ள சொத்துகூட இல்லை என்று சத்தியம் செய்து, ஏழை வழக்காடியாக அனுமதி பெற்றார். 1932 மே 26 அன்று ஐவரில் மூவர் அவர் பக்கம் நின்றனர். தன் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் எவரோ அவரே அண்டை அயலார். அவரிடம் கவனம் காட்டுவது கடமை என்று வகுத்தார் அட்கின் பிரபு. அத்தீர்ப்பின் வேர்கள் இந்திய நீதிமன்றங்களிலும் ஊன்றின.

நத்தை இருந்ததா என்பது கடைசிவரை விசாரிக்கப்படவில்லை. ஸ்டீவன்சன் இறந்தபின் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பெரும்புகழ் தன் பெயரைச் சூழ்ந்ததை அறியாமலே, 1958-இல் 59 வயதில் மே மறைந்தார்.

அவருக்கு நான்காண்டுகள் பிடித்த பாதை இன்று நமக்குச் செப்பனிடப்பட்டிருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவரின் இசைவோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தாலும், போதிய எச்சரிக்கை தரப்படாவிட்டாலும் தயாரிப்பாளர் இழப்பீடு தர வேண்டும். தயாரிப்பாளர் யாரெனத் தெரியாதபோது விற்றவரே பொறுப்பு. வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கலாம், பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் எனில் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. கால வரம்பு இரண்டு ஆண்டுகள்.

இவற்றை நான் அறிந்தபோது பெரியம்மாவுக்கு அந்த இரண்டு ஆண்டுகளும் கடந்திருந்தன. சான்றாக நின்றிருக்க வேண்டிய குக்கரும் உருகிப் போயிருக்கும். உடைந்த பொருளையும் மருத்துவச் சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும் என்று அவரிடம் சொல்ல அன்று எவருமில்லை. ராயபுரத்திலும் எண்ணூரிலும் அவரைப் போன்றோர் ஏராளம். மேயிடம் ஐந்து பவுண்டு இல்லை. ஆனால் வழி சொல்ல ஒரு லீச்மன் இருந்தார். நம் மக்களுக்குச் சட்டம் இருக்கிறது; வழி சொல்பவர்தான் இல்லை. அரசும் சட்டக் கல்லூரிகளும் மீன் சந்தை வாசலுக்கே வந்து அந்தக் குறையைத் தீர்க்க வேண்டும்.