காலணாப் பத்திரிகை நடத்திய பண்டிதர்

தீபாவளியன்று விடியற்காலையில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். ஏன் என்று கேட்டால் நரகாசுரன் கதையைச் சொல்வார்கள். அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன காரணம் வேறு. எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கும் வழியைப் பௌத்தப் பிக்குகள் கண்டுபிடித்தார்கள். மக்கள் அதைத் தேய்த்துத் தீபவதி ஆற்றில் நீராடிய நாள்தான் தீபாவளி என்றார் அவர். கார்த்திகை விளக்கையும் ஆமணக்கெண்ணெயோடு சேர்த்துத்தான் பார்த்தார். அவருடைய சொல்லாராய்ச்சியை ஏற்காத அறிஞர்கள் உண்டு. ஆனாலும் ஒரு பண்டிகைக்குப் பின்னால் அசுரவதையைத் தேடாமல், செக்கையும் எண்ணெயையும் தேடிய மனம் எத்தகையது என்று யோசிக்க வேண்டும்.

1845இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரின் பெயரையே பிறகு தம் பெயராக்கிக்கொண்டார். சித்த மருத்துவம் அவர் தொழில். பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் சமையல் வேலை பார்த்தவர். அவர் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியே துரை வழியாக எல்லிஸ் கைக்குப் போனது என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் வீட்டில் குறள் இருந்தது!

1891இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். மறு ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் ஆலய நுழைவு உரிமை கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1898இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவினார்.

1907 ஜூன் 19, புதன்கிழமை, ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. நான்கு பக்கம், விலை காலணா. ஓராண்டு கழித்து ‘தமிழன்’ ஆயிற்று. இன்று தாழ்த்தப்பட்டோர் எனப்படுவோர் ஒருகாலத்தில் பௌத்தர்களாக வாழ்ந்தவர்கள் என்ற தம் முடிவை, இலக்கியங்களையும் நிகண்டுகளையும் சான்று காட்டி வாரந்தோறும் எழுதினார். அதிலேயே வாசகர் கேள்விகளுக்குப் பதிலும் வரும். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்கள் அதை வாங்கிப் படித்தார்கள், பணமும் கொடுத்துத் தாங்கினார்கள்.

1914 மே 5இல் பண்டிதர் காலமானார். கோலார் நண்பர்கள் அவர் நூல்களைத் தொடர்ந்து அச்சிட்டார்கள். ஆனால் பாடப்புத்தகங்களில் வெகுகாலம் அவர் பெயரே இல்லை. ‘தமிழன்’ இதழின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் திரட்டித் தர, பாளையங்கோட்டையிலிருந்து அவை தொகுதிகளாக வெளிவந்தது 1999இல்தான். கல்லூரி நூலகத்தில் இருந்தால் மாணவர்கள் கேட்டு வாங்கிப் படியுங்கள். நடை முதலில் கடினமாக இருக்கும். பத்துப் பக்கம் தாண்டினால் பழகிவிடும்.