வழி எதுவானாலும் வெப்பம் ஒன்றே! (டாக்டர் ஹெஸ்ஸின் கதை)



நம்ம முதலாண்டு அப்ளைடு கெமிஸ்ட்ரியில் ஹெஸ் விதி என்று ஒன்று வருமே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு சமன்பாட்டைக் கூட்டி, ஒன்றைத் திருப்பிப் போட்டு, பிளஸ்ஸை மைனஸாக்கி ஐந்து மார்க் வாங்கிக் கொண்டு போய்விடுகிறோம். அந்த ஹெஸ் யார் என்று யாரும் கேட்பதில்லை. நான் தேடிப் படித்ததில் ஒரு ஆச்சரியம். மனுஷன் அடிப்படையில் ஒரு டாக்டர்! வைத்தியம் பார்க்கிற டாக்டர்தாங்க.

ஜெர்மைன் ஆன்றி ஹெஸ் 1802-ல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் பிறந்தார். அப்பா ஓவியர். ரஷ்யாவில் ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் வேலை கிடைக்க, குடும்பமே அங்கே போய்விட்டது. பையனுக்கு அப்போது வயது மூன்றுதான். ரஷ்யர்கள் அவரை ஜெர்மன் இவானோவிச் ஹெஸ் என்று ஆக்கிவிட்டார்கள். பெயரைப் பார்த்து ஜெர்மனிக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம்.

டோர்பாட் பல்கலைக்கழகத்தில் (இப்போது எஸ்டோனியாவின் டார்ட்டு நகரம்) மருத்துவம் படித்து 1825-ல் பட்டம் பெற்றார். ஆய்வேட்டின் பொருள் என்ன தெரியுமா? ரஷ்யாவின் கனிம ஊற்று நீர்களில் என்ன கலந்திருக்கிறது, அவை நோயை எப்படிக் குணமாக்குகின்றன என்பது. மருத்துவத்துக்குள்ளேயே வேதியியல் புகுந்துவிட்டது பாருங்கள். பிறகு ஸ்டாக்ஹோம் போய் அந்தக் காலத்து வேதியியல் சக்கரவர்த்தி பெர்சீலியஸின் ஆய்வுக்கூடத்தில் கொஞ்ச காலம் இருந்தார். சில வாரங்கள்தான். ஆனால் எடை போடுவதில், அளப்பதில் அவர் காட்டிய கறார்த்தனம் அங்கிருந்து வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

திரும்பி வந்ததும் யூரல் மலைப் பக்கம் ஒரு ஆய்வுப் பயணம். அப்புறம் சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரில் டாக்டர் தொழில். பகலில் நோயாளிகள், மிச்ச நேரத்தில் கனிமங்களும் ஊற்று நீரும். 1830 வாக்கில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்து மருத்துவத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டார். அங்கே அறிவியல் கழக உறுப்பினர். கூடவே தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியர். நம்மைப் போல தொழில் படிக்க வந்த பசங்களுக்குத்தான் பாடம் எடுத்திருக்கிறார்! அவர் ரஷ்ய மொழியில் எழுதிய வேதியியல் பாடநூல் ஏழு பதிப்பு கண்டது. மெண்டலீவின் புத்தகம் வரும்வரை அதுதான் அங்கே கெமிஸ்ட்ரி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கந்தக அமிலத்தில் தண்ணீர் சேர்த்தால் சூடு வரும். அதை அம்மோனியாவால் நடுநிலையாக்கினாலும் சூடு வரும். ஹெஸ் இரண்டையும் தனித்தனியாக அளந்தார். அடர் அமிலத்தை நேரே நடுநிலையாக்கியபோது அவர் கணக்கில் 595.8 பங்கு வெப்பம். கொஞ்சம் தண்ணீர் சேர்த்துவிட்டுச் செய்தால், தண்ணீருக்கு 77.8, அம்மோனியாவுக்கு 518.9, கூட்டினால் 596.7. இன்னும் தண்ணீர் சேர்த்தால் 116.7-ம் 480.5-ம், ஆக 597.2. மேலும் சேர்த்தால் 155.6-ம் 446.2-ம், ஆக 601.8. முதலில் வாங்கியது கூடினால் பிறகு வாங்குவது குறைகிறது. மொத்தம் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது! வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுதான். அந்தக் காலத்துக் கருவிகளை வைத்துக்கொண்டு! நம்ம லேபில் இந்த அளவுக்கு ரீடிங் வந்தால் சார் சந்தேகப்படுவார்.

1840-ல் விதியை வெளியிட்டார். வினை ஒரே படியில் நடந்தாலும் பல படிகளில் நடந்தாலும் மொத்த வெப்பம் ஒன்றே. இதில் பெரிய விஷயம் அந்த ஆண்டுதான். ஆற்றல் அழியாது என்று மேயர் எழுதியது 1842-ல். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதை விரிவாக நிறுவியது 1847-ல். அதற்கெல்லாம் முன்பே, வெப்பத்தை ஒரு பாய்பொருள் மாதிரி நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், இவர் அளந்தே கண்டுபிடித்துவிட்டார்.

இதனால் என்ன லாபம் என்றால், அளக்கவே முடியாததையும் கணக்குப் போடலாம். கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும். ஆனால் அது மட்டும் வரும்படி சுத்தமாக எரிப்பது முடியாத காரியம். சரி, கார்பன் முழுசாக எரிந்து டை ஆக்சைடு ஆனால் மோலுக்கு 393.5 கிலோஜூல் வெளிவரும். மோனாக்சைடு எரிந்து டை ஆக்சைடு ஆனால் 283.0. கழித்தால் 110.5. கலோரிமீட்டரைத் தொடாமலே விடை!

ஆனால் ஒரு நிபந்தனை. தொடக்கமும் முடிவும் எது என்று சரியாகச் சொல்லியாக வேண்டும். ஹைட்ரஜன் எரிந்து கிடைப்பது திரவத் தண்ணீர் என்றால் மோலுக்கு 285.8 கிலோஜூல், நீராவி என்றால் 241.8 தான். கார்பனிலும் கிராஃபைட்டா வைரமா என்று சொல்ல வேண்டும். இதற்காக வந்ததுதான் திட்ட நிலைமைகள். அழுத்தம் 1 பார். பொருள் தூய நிலையில். பழைய அட்டவணைகளில் 1 வளிமண்டல அழுத்தம் என்று இருக்கும். 1982-ல்தான் பாருக்கு மாற்றினார்கள். வெப்பநிலை பெரும்பாலும் 25 டிகிரி செல்சியஸ். வாயுக் கணக்கில் வருகிற 0 டிகிரி வேறு, இது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம் தம்பிகளே! என்தால்பி என்ற சொல்லே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. ஹெஸ்ஸுக்கு அந்தச் சொல் தெரியவே தெரியாது.

இதையெல்லாம் விட எனக்கு மனசைத் தொட்டது வேறொன்று. ஹெஸ் இந்த விதியைத் தேடிப் போகவில்லை. அணுக்களுக்கு இடையே உள்ள நாட்டத்தின் பலத்தை வெப்பத்தால் அளந்துவிடலாம் என்பதுதான் அவருடைய கனவு. அந்தக் கனவு பலிக்கவில்லை. ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருப்பார்களே நவச்சாரம், அதைத் தண்ணீரில் போட்டால் தானாகவே கரையும், ஆனால் தண்ணீர் ஜில்லென்று ஆகும்! வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் ஒரு மாற்றம் தானாக நடக்கிறது என்றால், நாட்டத்துக்கு வெப்பம் மட்டும் அளவுகோல் ஆகாதே. தாம்சனும் பெர்த்தலோவும் அவருக்குப் பின்னால் அதே கனவோடு ஏராளமான வினைகளை அளந்தார்கள். கனவு போய்விட்டது. அளந்து வைத்த எண்களும் ஹெஸ் விதியும் நின்றுவிட்டன.

1848-லேயே உடல்நலம் கெட்டு வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. 1850-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் காலமானபோது வயது 48. வெள்ளியும் டெல்லூரியமும் சேர்ந்த ஒரு கனிமத்தை அவர் பகுத்து ஆராய்ந்திருந்தார். அதற்கு அவர் உயிரோடு இருந்தபோதே ஹெஸ்ஸைட் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.