‘த்ரீ நாட் த்ரீ’ துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு வாட்ச் மெக்கானிக்: அரை மில்லிமீட்டரில் தோற்ற ஜேம்ஸ் பாரிஸ் லீ யார்?

ஒரகடம் சிப்காட் சாலையில் காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்களின் ஹாரனைத் தாண்டி புல்லட் சத்தம் தனியாகக் கேட்கும். ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2013-ல் ஒரகடத்திலும், 2017-ல் பக்கத்தில் வல்லம் வடகாலிலும் ஆலை திறந்தது. பைக்கின் பெயர் புல்லட். பழைய லோகோவில் ஒரு பீரங்கி. துப்பாக்கி மாதிரி உறுதியாகச் செய்தது என்ற அர்த்தத்தில் ஒரு விளம்பர வாசகம். பைக்குக்கும் துப்பாக்கிக்கும் என்னதான் சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கு. லண்டனுக்கு வடக்கே உள்ள என்ஃபீல்டில் பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கி ஆலை இருந்தது. 1890-களின் தொடக்கத்தில், ரெட்டிச் என்ற ஊரில் சைக்கிள் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனிக்கு, அந்த ஆலைக்கு நுட்பமான உதிரிபாகங்கள் செய்துதரும் ஆர்டர் கிடைத்தது. அந்த சந்தோஷத்தில் என்ஃபீல்டு என்ற பெயரையே கம்பெனி வைத்துக்கொண்டது.

அதே ஆலையின் பெயரைச் சுமந்த ரைபிள்தான் லீ-என்ஃபீல்டு. நம்ம போலீஸ் ஸ்டேஷன்களில் தலைமுறைகளாக ‘த்ரீ நாட் த்ரீ’ என்று அழைக்கப்பட்டது. என்ஃபீல்டு ஊரின் பெயர். அப்போ லீ யார்?

12 வயதில் முதல் துப்பாக்கி

ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831-ல் ஸ்காட்லாந்தின் ஹாவிக் நகரில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்ந்தது. அப்பா வாட்ச், நகை வேலை செய்பவர். மகனும் அதே தொழிலைக் கற்றார். 12 வயதில், ஒரு பழைய கைத்துப்பாக்கியின் குழலை எடுத்து, மரக்கட்டையைத் தானே செதுக்கி, சொந்தமாக ஒரு துப்பாக்கி செய்தார். அது சரியாக வேலை செய்யவில்லை. ஆனால் ஆர்வம் விடவில்லை.

வாட்ச் கடை வைத்துப் பிழைத்த லீ, 1858-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குக் குடும்பத்தோடு போனார். மூன்று வருடத்தில் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தது. குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் திணிக்கும் துப்பாக்கிகள்தான் அப்போது படைவீரர்களின் கையில் பெரும்பாலும் இருந்தன. பின்பக்கமாகத் தோட்டா போடும்படி அவற்றை மாற்ற லீ ஒரு வழி கண்டுபிடித்தார். 1865-ல் அமெரிக்க ராணுவம் 1,000 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. மில்வாக்கி நகரில் கம்பெனியும் தொடங்கினார்.

கவிழ்த்த அரை மில்லிமீட்டர்

இங்கேதான் ‘கேலிபர்’ என்ற சொல் வருகிறது. துப்பாக்கிக் குழலின் உள்விட்டம்தான் கேலிபர். நம்மூர் லைசென்ஸ் பேச்சில் ‘போர்’ என்பார்கள். .303 என்றால் 0.303 அங்குலம், அதாவது 7.7 மி.மீ.

லீ செய்த துப்பாக்கிகள் .42 கேலிபர். ராணுவமோ, கேட்டது .44 என்றது. ஒப்பந்தத்தில் எழுத்துப்பிழையா, புரிதலில் தவறா என்பதில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். எப்படியோ, ஆர்டர் ரத்தானது. வித்தியாசம் 0.02 அங்குலம், சுமார் அரை மில்லிமீட்டர். அவ்வளவுதான்! ஒரகடத்தில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வலி உடனே புரியும். வரைபடத்தில் ஒரு எண் மாறினால் மொத்த லாட்டும் ரிஜெக்ட்தான்.

தாழ்ப்பாளும் டப்பாவும்

லீ அதோடு நிற்கவில்லை. நியூயார்க் மாநிலத்தில் ரெமிங்டன் கம்பெனியோடு சேர்ந்து வேலை செய்தார். 1879-ல் அவர் பெற்ற காப்புரிமைதான் திருப்புமுனை.

போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் என்பது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி. கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளி மடக்கினால் புதுத் தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். இது லீக்கு முன்பே உண்டு. அவர் சேர்த்தது, போல்ட்டுக்குக் கீழே கழற்றி மாட்டக்கூடிய ஒரு தகர டப்பா. தோட்டாக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்க, அடியில் உள்ள ஸ்பிரிங் அவற்றை மேலே தள்ளும். இன்றைய ஏகே-47 வரை மேகசின் வேலை செய்வது இந்த அடிப்படையில்தான்.

பிரிட்டன் பல துப்பாக்கிகளைச் சோதித்து, 1888-ல் லீயின் போல்ட், மேகசினோடு வில்லியம் மெட்ஃபோர்டு வடிவமைத்த குழலைச் சேர்த்து லீ-மெட்ஃபோர்டு ரைபிளை ஏற்றது. கேலிபர் .303. ஆனால் பிறகு வந்த கார்டைட் என்ற புதிய வெடிமருந்தின் சூட்டில் மெட்ஃபோர்டு குழலின் ஆழமில்லாத வரிகள் சீக்கிரம் தேய்ந்தன. என்ஃபீல்டு ஆலை ஆழமான வரிகளோடு வேறு குழல் செய்தது. 1895-ல் லீ-என்ஃபீல்டு பிறந்தது. மெட்ஃபோர்டு பெயர் போனது, லீயின் பெயர் நின்றது.

அதே ஆண்டு அமெரிக்கக் கடற்படை லீயின் இன்னொரு ரைபிளை எடுத்தது. கேலிபர் வெறும் 6 மி.மீ. தரைப்படையின் .30 தோட்டாவோடு ஒத்துப்போகாததால் சில ஆண்டுகளில் அது ஓரங்கட்டப்பட்டது. மறுபடியும் கேலிபர்!

1904-ல் கனெக்டிகட் மாநிலத்தில் லீ இறந்தார். அவர் பெயர் தாங்கிய ரைபிள் இரண்டு உலகப் போர்களைப் பார்த்தது அதன் பிறகுதான்.

இந்தியாவில் என்ன செய்தது?

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 1857 கிளர்ச்சியில் கொழுப்பு தடவிய தோட்டாவால் சர்ச்சையான என்ஃபீல்டு, லீயின் துப்பாக்கி இல்லை. அது 1853-ம் ஆண்டு மாடல், .577 கேலிபர், வாய்வழியாக மருந்து திணிப்பது. ஊர்ப்பெயர் மட்டும்தான் ஒன்று.

லீ-என்ஃபீல்டு 1900-களில் கொல்கத்தா அருகே இஷாபூர் ஆலையில் தயாராகத் தொடங்கியது. 1919-ல் ஜாலியன்வாலாபாக்கில் டயரின் 50 வீரர்கள் வைத்திருந்தது இந்த .303 தான். அவர்கள் சுட்டது 1,650 ரவுண்டுகள். அரசுக் கணக்கில் மட்டும் 379 பேர் இறந்தார்கள். ஒரு டப்பாவில் 10 தோட்டா, நொடிகளில் அடுத்த குண்டு. லீயின் வேகத்துக்கு இந்த மண் கொடுத்த விலை அது. லீயின் வாழ்க்கையைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுப் போக முடியாது.

7.7-ம் 7.62-ம் ஒன்றா?

1962 சீனப் போருக்குப் பிறகு, இஷாபூர் ஆலை இதே ரைபிளை 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு மாற்றியது. பெயர் 2ஏ, பிறகு 2ஏ1. மேகசினில் 10-க்குப் பதில் 12. இது வெறும் குழல் மாற்றம் இல்லை. புதிய தோட்டாவின் அழுத்தம் அதிகம் என்பதால், போல்ட் உட்காரும் உடற்பகுதியை இன்னும் உறுதியான எஃகில் செய்ய வேண்டியிருந்தது.

கேட்க 7.7-ம் 7.62-ம் பக்கத்துப் பக்கத்து எண்கள்தான். ஆனால் .303 தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு, 7.62-ல் கிடையாது. கூட்டின் நீளமும் வேறு. ஒன்றின் தோட்டாவை மற்றதில் போட்டுச் சுட முடியாது, முயன்றால் ஆபத்து. வெளிநாடுகளில் பழைய ராணுவ ரைபிள் சேகரிப்பவர்கள் அழகைப் பார்ப்பதற்கு முன் கேலிபர் முத்திரையைப் படிப்பது இதனால்தான். தோட்டா அறையின் அளவைச் சரிபார்க்க அவர்கள் பயன்படுத்துவதும் கோ, நோ-கோ கேஜ்தான்.

நாம் வாங்க முடியுமா?

முடியாது. .303, 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாக்களைச் சுடக்கூடிய ரைபிள்கள் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட வகை. சாதாரண லைசென்ஸுக்குக் கிடைப்பது .315. அதை இஷாபூர் ஆலையே செய்கிறது, லீயின் அதே போல்ட் அமைப்பில். ராணுவத் தோட்டா பொருந்தாத வேறு கேலிபர் என்பதுதான் வித்தியாசம்.

2008 மும்பை தாக்குதலில், சிஎஸ்டி ரயில் நிலையத்தில் ஏகே-47களுக்கு எதிரே போலீஸார் கையில் இருந்ததில் .303-ம் உண்டு. காலம் கடந்துவிட்டது என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தன்றுதான் அதற்கு விடைகொடுத்தது.

அரை மில்லிமீட்டரில் ஆர்டரை இழந்த அந்த வாட்ச் மெக்கானிக்கின் வடிவமைப்பு, .303-லும் 7.62-லும் .315-லும் வேலை செய்துவிட்டது. ஒரகடத்தில் அடுத்த முறை பெட்ரோல் டேங்கில் என்ஃபீல்டு என்று படித்தால், அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு காலத்தில் இருந்த இரண்டாவது பெயரையும் நினைத்துக்கொள்ளுங்கள்: லீ.