கந்தகத் தூளைப் பயிருக்குச் சத்தாக மாற்றுவது யார்? மண்ணுக்குள் விடை தேடிய வினோகிராட்ஸ்கியின் கதை

மஞ்சள் நிறக் கந்தகத் தூளை வயலில் தூவினால், பயிர் அதை நேராக எடுத்துக்கொள்ளுமா? எடுத்துக்கொள்ளாது. அது தண்ணீரில் கரையாது, வேருக்குள்ளும் போகாது. மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்கள் முதலில் அதை 'சல்ஃபேட்' என்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதுக்கு அப்புறம்தான் அது பயிருக்குச் சத்து.

கந்தகத்தை வைத்தே உயிர் பிழைக்கும் கிருமிகள் உண்டு என்று முதலில் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. சட்டப் படிப்பை விட்டு, பியானோவையும் விட்டு, கடைசியில் அறிவியலுக்கு வந்து சேர்ந்த மனிதர்.

எதிலும் மனம் நிற்காத இளைஞர்

1856-ல் கீவ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். இன்று உக்ரைனின் தலைநகரான கீவ், அன்று ரஷ்யப் பேரரசில் இருந்தது. கல்லூரியில் முதலில் சட்டம் சேர்ந்தார், பிடிக்கவில்லை. அறிவியல் பக்கம் மாறினார், அதுவும் சலித்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய் இசைக் கல்லூரியில் பியானோ படித்தார். அங்கேயும் நிலைக்கவில்லை. 1877-ல், 21 வயதில், அதே ஊரின் பல்கலைக்கழகத்தில் மறுபடி அறிவியலில் சேர்ந்தார். இந்த முறை நின்றுவிட்டார்.

நாற்றமடிக்கும் ஊற்றில் கிடைத்த விடை

1885-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குப் போய், புகழ்பெற்ற தாவரவியலாளர் ஆன்டன் டி பாரியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவர் கையில் எடுத்தது 'பெக்கியாட்டோவா' என்ற பாக்டீரியா. கந்தக ஊற்றுகளில் வெள்ளை நூல் மாதிரி படர்ந்து கிடக்கும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எங்கே இருக்கிறதோ, அங்கே இதுவும் இருக்கும். உடம்புக்குள் கந்தகத் துகள்கள் மின்னும்.

அந்த நாற்ற வாயுவை உண்டாக்குவதே இந்தக் கிருமிதான் என்று அப்போது பலர் நம்பினார்கள். வினோகிராட்ஸ்கி அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. கண்ணாடித் துண்டில் ஒரு துளி நீரில் கிருமியை வைத்து, நீரை அடிக்கடி மாற்றிக்கொண்டே நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். வாயு கலந்த நீர் கொடுத்தால், உள்ளே கந்தகத் துகள்கள் நிறைந்தன. வாயு இல்லாத நீர் கொடுத்தால், ஓரிரு நாளில் துகள்கள் கரைந்து மறைந்தன, சல்ஃபேட் வெளியே வந்தது. அதுக்குப் பிறகும் வாயு கிடைக்காவிட்டால் கிருமி பட்டினியில் செத்தது.

அதாவது, நம்பியதற்கு நேர் எதிர். கிருமி அந்த வாயுவை உண்டாக்கவில்லை, எரித்துக்கொண்டிருந்தது. நாம் சோற்றிலிருந்து சக்தி எடுப்பதுபோல, அது கந்தகத்திலிருந்து எடுத்தது. உயிரற்ற ஒரு தாதுப்பொருளை வைத்தே உயிர் வாழ முடியும் என்ற இந்த முடிவு 1887-ல் வெளிவந்தது.

அடுத்து ஜூரிக் நகரில், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் மண் பாக்டீரியாக்களைத் தனியே பிரித்தெடுத்து, 1890-ல் தொடங்கி வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். கந்தகம், தழைச்சத்து இரண்டையும் பயிருக்குப் பக்குவப்படுத்துவது இப்படிப்பட்ட கிருமிகள்தான் என்பது அதன் பிறகு மெல்ல மெல்லப் புரிந்தது.

சரி, உரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் நிறையவே இருக்கு. கந்தகம் தரும் உரங்கள் எல்லாம் மண்ணில் ஒரே மாதிரி வேலை செய்யாது.

கந்தகத் தூள்: 1922-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் செல்மன் வாக்ஸ்மன், ஜேக்கப் ஜாஃபி இருவரும் கந்தகத்தைத் தின்று கந்தக அமிலமாக மாற்றும் பாக்டீரியாவை விவரித்தார்கள். மண்ணில் சூடும் ஈரமும் இருந்தால் இந்த மாற்றம் வேகமாக நடக்கும். தூள் எவ்வளவு நைசாக இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம். ஆனாலும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். வெளிவரும் அமிலம், சுண்ணாம்பு மண்ணில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்து, இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றைக் கரைத்து வேருக்குக் கிடைக்கச் செய்யும்.

ஆனால் கணக்கைக் கவனிங்க. ஒரு கிலோ கந்தகம் சுமார் மூன்று கிலோ சுண்ணாம்பைத்தான் சமன் செய்யும். மண்ணில் ஒரு சதவீதம் சுண்ணாம்பு இருந்தாலே, ஒரு ஹெக்டேரின் மேல்மண்ணில் அது 20 டன்னைத் தொடும். மொத்த வயலையும் மாற்ற நினைத்தால் டன் கணக்கில் கந்தகம் வேணும். சாதாரண அளவில் போட்டால், துகளைச் சுற்றியுள்ள சின்ன இடத்தில் மட்டும்தான் இந்த மாற்றம் நடக்கும்.

ஜிப்சம்: இதில் ஏற்கெனவே சல்ஃபேட் இருப்பதால் கிருமிக்காகக் காத்திருக்க வேண்டாம். கூடவே கால்சியமும் கிடைக்கும். ஆனால் சாதாரண மண்ணை இது அமிலமாக்காது. கந்தகம் இருக்கிற உரம் எல்லாமே மண்ணைப் புளிக்க வைக்கும் என்பது தவறான எண்ணம்.

அம்மோனியம் சல்ஃபேட்: இது மண்ணை அமிலமாக்கும். ஆனால் குற்றவாளி சல்ஃபேட் இல்லை. அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும்போது, வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்த அதே வகைக் கிருமிகள்தான் அமிலத்தை வெளியிடுகின்றன. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856-ல் தொடங்கிய புல்வெளி ஆய்வு இன்றும் நடக்கிறது. அம்மோனியம் சல்ஃபேட் தொடர்ந்து போட்டு, சுண்ணாம்பு போடாமல் விட்ட பாத்திகளில் பி.எச். அளவு 4-க்கும் கீழே போய்விட்டது. அந்த நிலையில் அலுமினியம் கரைந்து வேரைக் கெடுக்கும். மணிச்சத்தும் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

எல்லாம் இழந்த பிறகு

1891-ல் ரஷ்யா திரும்பிய வினோகிராட்ஸ்கி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தார். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைக்கும் ஒரு மண் பாக்டீரியாவையும் அங்கே கண்டுபிடித்தார். 1905-ல் ஓய்வு பெற்று, உக்ரைனில் இருந்த குடும்பப் பண்ணைக்குப் போனார். ஆராய்ச்சி அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

1917-ல் புரட்சி, அதைத் தொடர்ந்து உள்நாட்டுப் போர். சொத்து போனது, நாடும் போனது. அகதியாக பெல்கிரேடு சென்று பாடம் நடத்தினார். அங்கிருக்கும்போது பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. 1922-ல், 66 வயதில், பாரிஸுக்கு அருகே ஒரு சிற்றூரில் மறுபடி நுண்ணோக்கி முன் உட்கார்ந்தார். ஆய்வுக்கூடத்தில் சர்க்கரை ஊட்டி வளர்த்த கிருமியை வைத்து மண்ணைப் புரிந்துகொள்ள முடியாது, மண்ணை மண்ணாகவே பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய கடைசிக் காலத்து வாதம். 1949-ல், 90 வயதைக் கடந்தபின், தன் ஆய்வுகளைத் தொகுத்து மண் நுண்ணுயிரியல் பற்றிப் பெரிய புத்தகம் வெளியிட்டார். 1953-ல் காலமானார். அதே ஆண்டு அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டவர், 1922-ல் கந்தகக் கிருமியை விவரித்த அதே வாக்ஸ்மன்.

நம்ம வயலில் என்ன?

நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஜிப்சம் போடுவது தமிழ்நாட்டில் பழக்கம். அதில் கால்சியம் காய் திரட்சிக்கு, கந்தகம் புரதத்துக்கும் எண்ணெய்க்கும். ஆனால் நம் வயல்களில் அதிகம் விழும் யூரியாவில் கந்தகம் கிடையாது. டிஏபியிலும் இல்லை என்றே சொல்லலாம். சூப்பர் பாஸ்பேட்டில் சுமார் 11 சதவீதம் இருந்தது. அதை விட்டு டிஏபிக்கு மாறியபோது, கணக்கில் வராமலே கிடைத்துவந்த ஒரு சத்தும் கைநழுவியது. கந்தகம் குறைந்தால் முதலில் இளம் இலைகள் வெளுக்கும். தழைச்சத்துக் குறையில் கீழ் இலைகள் முந்தும். இதைப் பார்க்காமல் இன்னும் யூரியா போட்டால் காசுதான் வீண்.

தண்ணீர் நிற்கும் நெல் வயலில் கதை இன்னும் சுவாரசியம். காற்றில்லாத சேற்றில் சல்ஃபேட் மறுபடி அந்த நாற்ற வாயுவாக மாறி வேரைத் தாக்கும். நெல் வேர்களைச் சுற்றி அந்த வாயுவை எரித்துக் குறைக்கும் கிருமிகளில் ஒன்று, வினோகிராட்ஸ்கி கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்த அதே பெக்கியாட்டோவா.

அதனால், கந்தக உரம் வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துடுங்க: மண் பரிசோதனை அட்டையில் பி.எச். எவ்வளவு, மூட்டையில் இருப்பது தூளா சல்ஃபேட்டா, அதை மாற்றித் தரும் கிருமிக்கு மண்ணில் ஈரமும் காற்றும் நேரமும் இருக்கா.